முதல் கோணம்

வழிவிட்டானின் துணிசோப்பை
நேற்றிரவு பிளேடால் அறுத்தேன்.
எல் வடிவம். நடுவில் ஒரு காடி.
முதுகில், பாதி ஆழத்துக்கு,
சுண்டுவிரல் நுழையும் துளை.
பழைய கேள்வித்தாளில் பதினாலாவது கணக்கு.

ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு முன்னே பார்.
எழுந்து நின்று மேலிருந்து பார்.
மேலிருந்து பார்த்தது கீழே வரும்,
இடமிருந்து பார்த்தது வலப்பக்கம் போகும்;
மூன்று அரியருக்குப் பிறகும்
இந்த வம்பு எனக்குப் பழகவில்லை.
டூஎச் பென்சிலை உப்புத்தாளில்
ஊசியாய்த் தேய்த்தாயிற்று.
டிராஃப்டரில் ஒரு திருகு லூசு:
நேர்க்கோடு ஒத்தக்கடையில் கிளம்பி
மேலூர் பக்கம் சாய்கிறது.

ஜன்னலில் யானைமலை.
இங்கிருந்து படுத்திருக்கும் யானை.
நரசிங்கம் பக்கம் பஸ் திரும்பினால்
தும்பிக்கையைக் காணோம், வெறும் பாறை.
மேலிருந்து எப்படியென்று
ஏறிப்போன ஆடுகளைத்தான் கேட்க வேண்டும்.

துளை, முன்னிருந்து பார்த்தால் தெரியாது.
தெரியாததை விட்டுவிடக் கூடாது,
விட்டு விட்டு வரைய வேண்டும்.
போன தடவை எட்டு மார்க்
அதில்தான் போனது.

மணி நாலரைக்குத்தான் கண் அசந்தேன்.

குழாயடியில் சத்தம்:
"எவன்டா என் சோப்பக் கொதறுனது?"
நான் இறங்கி ஓடுவதற்குள்
காடி பாதி கரைந்துவிட்டது.
துளைக்குள் அவன் விரல்.
திட்டிக்கொண்டே, பாவம்,
கொடியில் கிடந்த என் சட்டையையும் எடுத்து
நுரை பொங்கத் தேய்த்துக்கொண்டிருந்தான்,
பையில்
நாலாய் மடித்த ஹால் டிக்கெட்டோடு.