மணலுக்கு அடியில்

நாற்பது அடி தூரத்தில் முர்ரே ஆறு.
வாளி காருக்குப் பின்னால் கிடந்தது.
ஈஸ்டர் விடுமுறை, இரவு பதினொன்றரை, குளிர்.
சோம்பலுக்கு வேறு பெயர் தேடிப் பார்த்துவிட்டேன்.
மண்வெட்டியால் மணலை வாரிப் போட்டேன்.
நெருப்பு கண்ணை மூடிக்கொண்டது.
தூங்கிவிட்டது என்று நினைத்து
நானும் தூங்கப் போனேன்.

நீறு பூத்த நெருப்பு.
ஒன்பதாம் வகுப்பில் இதை வைத்து
வாக்கியம் அமைத்து மதிப்பெண் வாங்கியவன் நான்.
அடக்கிய கோபம் என்று பொருள் எழுதினேன்.
பாதம் என்று எழுதவில்லை.

கோப்ரம் கரையில் காலை ஏழு மணி.
கூடாரத்தின் ஜிப்பைத் தானே திறக்க
முந்தின நாள்தான் பழகியிருந்தாள் ஆரபி.
வயது இரண்டேகால். வெறுங்கால்.
மணல் மணலைப் போலத்தான் இருந்தது.
புகை இல்லை, சிவப்பு இல்லை.
கிட்டே வராதே என்று சொல்லக்கூடிய எல்லாவற்றையும்
நான்தான் மூடி வைத்திருந்தேனே.

அவள் ஓடவில்லை.
சுட்டால் விலக வேண்டும் என்பது
கால்களுக்கு இன்னும் தெரியாத வயது.
நின்ற இடத்திலேயே நின்று கத்தினாள்.

யாரோ பற்பசை என்றார்கள்.
யாரோ ஐஸ் பெட்டியைத் திறந்தார்கள்.
பக்கத்துக் கூடாரத்து லொரெய்ன்
ஒற்றைச் செருப்போடு ஓடி வந்து
"தண்ணீர். வெறும் தண்ணீர். இருபது நிமிடம்.
கடிகாரத்தைப் பார்" என்றாள்.

குடிக்கக் கொண்டுவந்த கேன்கள் மூன்று.
சேந்தன் மகளை மடியில் இறுக்கிப் பிடிக்க
நான் ஊற்றினேன்,
நூல் போல, அறாமல், இரண்டு உள்ளங்கால்களிலும்.
ஏழாவது நிமிடத்தில் கணக்கு வந்தது:
நேற்றிரவு இதில் பாதி போதும்.

இப்போது ஊற்றுகிறேன்.
கிளறி, மறுபடி ஊற்றுகிறேன், சீறல் அடங்கும்வரை.
புறங்கையை மேலே பிடித்துப் பார்க்கிறேன்.
யாரோ விட்டுப்போன கரிவட்டங்களுக்கும்
வாளி தூக்கிக்கொண்டு போகிறேன்.
என் பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள்.

ஆரபி பள்ளிக்கூடம் போகிறாள்.
ஒட்டுப்போட்ட தோல்
காலோடு சேர்ந்து வளர்வதில்லையாம்.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெல்பர்ன்.
போகும் வழியெல்லாம் பாடிக்கொண்டு வருவாள்,
கார் ஓட்டுவது பல தடவை நான்தான்.

சேந்தன் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.
தேநீர் தருகிறான். கிரிக்கெட் பேசுகிறான்.
அவன் எதிரில் உட்கார்ந்து
புறங்கையை நீட்டியபடியே இருக்கிறேன்.
மேலே குளிர்ச்சிதான்.