மாற்று உரை

முதல் நாள் இங்குன் என் மேசைக்கு வந்து
காதுக்கருவியின் ஒரு முனையை நீட்டினாள்.
கேட்டேன்.
பொத்தான். பொத்தான். பொத்தான்.
படம் நாலாயிரத்து எழுபத்தொன்று.
இணைப்பு, இங்கே சொடுக்கவும்.
பொத்தான்.

“படகு எத்தனை மணிக்கு என்று கேட்க வந்தேன்,
தையற்கடைக்குள் விட்டிருக்கிறாய்” என்றாள்.
“இங்கே என்றால் எங்கே?”

நான் செய்த பக்கம் அது.
ஹெல்வோய்த் தீவுக்கும் கரைக்கும்
நாளுக்கு ஆறு நடை போகும் படகின் பக்கம்.
பின்னணியில் அலை அசையும், நிஜ அலை,
ட்ரோன் பறக்கவிட்டு எடுத்தது.
அதன் மேல் நேரங்கள், சாம்பல் மேல் சாம்பலாக.
ஓஸ்லோவில் அதற்குக் கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

இங்குன் மீன் ஆலையில் சம்பளக் கணக்குப் பார்ப்பவள்.
அந்தப் படகில் ஒன்பது வருடம்.
என் பக்கம் வந்த நாளிலிருந்து
ஹால்வருக்கு ஃபோன் போட்டு நேரம் கேட்கிறாள்.
அவர் சுக்கானைப் பிடித்தபடி பதில் சொல்கிறார்.

முதலில் அலை போயிற்று.
பிறகு தானாக உருளும் படங்கள்.
பிறகு பொத்தான் வேடம் கட்டிய வெறும் பெட்டிகள்.
தலைப்பைத் தலைப்பு என்றேன்,
அட்டவணையை அட்டவணை என்றேன்.
இதற்கெல்லாம் எப்போதோ விதி எழுதிவைத்திருக்கிறார்கள்.
பத்து வருடம் இதில் பிழைத்தவன், படித்ததில்லை.

மவுஸைக் கழற்றி இழுப்பறையில் போட்டுவிட்டு
விசைப்பலகையால் மட்டும் டிக்கெட் எடுத்துப் பார்த்தேன்.
மூன்றாம் கட்டத்தில் சிக்கினேன்.
உள்ளே போக வழியிருந்தது, வெளியே வர இல்லை.
மீனுக்கு வலை இப்படித்தான் இருக்கும்.

“வெறிச்சென்று இருக்கிறதே” என்றார் மேலாளர்.
ஆமாம் என்றேன்.

ஜனவரிப் புயலில் ஏழரை மணி நடை ரத்து.
தீவு முழுக்க சிக்னல் ஒற்றைக் கோடு.
அந்த ஒற்றைக் கோட்டின் வழியே
பன்னிரண்டு கிலோபைட் நுழைந்து வந்தது.
கையுறை கழற்றாத லாரிக்காரர்,
கைக்குழந்தையோடு ஒருத்தி, இங்குன்.
பார்த்தார்கள், கேட்டார்கள், வீட்டிலேயே இருந்துகொண்டார்கள்.
யாரும் நன்றி சொல்லவில்லை.

பிப்ரவரியில் இங்குன் எழுதினாள்:
“மேலே ஒரு படம் மிச்சமிருக்கிறது.
‘படகு’ என்று மட்டும் சொல்கிறது.
படகென்று எனக்குத் தெரியாதா?
எப்படி இருக்கும் அது?”

துறைக்குப் போனேன்.
புதிதாக ஒரு படம் எடுத்தேன்.
விரல் விறைக்க எழுதிக்கொண்டு வந்தது இவ்வளவு:

வெள்ளைப் படகு. முழுக்க வெள்ளையில்லை.
இடப்பக்கம் நங்கூரத் துளைக்குக் கீழே துரு,
தேநீர் சிந்திக் காய்ந்ததுபோல.
ஜன்னலில் ஹால்வர், வாயில் பாதி ரொட்டி.
படகுத்துறையின் மூன்றாம் கம்பத்தருகே
நீ நிற்கும் இடத்தைப் பார்த்துக் கையசைக்கிறார்.
தினமும் அசைப்பாராம்.

சுருக்கமாக எழுதவும் என்றிருந்தது விதியில்.
சுருக்கவில்லை.