ஐந்தடிச் சரிவு

எங்கள் மைதானத்தில் தெற்கு மேடு,
வடக்கு ஐந்தடிப் பள்ளம்.
வேல்ஸ் மழை அங்கேதான் தேங்கும்.

இருபத்தொன்றில் முதல் சம்பளம்:
வென்றால் ஆறு ஷில்லிங், தோற்றால் பஸ் காசு.
சுரங்கத்திலிருந்து நேரே வந்த இட்வால்
கரி கழுவாத முகத்தோடு கோல் காத்தான்.
எதிரணிக்கு அவன் கண் மட்டும்தான் தெரிந்ததாம்.

டாஸ் வென்றால் முதல் பாதி மேடேறி ஆடுவோம்.
இரண்டாம் பாதியில்
பந்துக்கே தெரியும் போகவேண்டிய இடம்.

எழுபத்தொன்பதில் மேல் டிவிஷன்.
சமப்படுத்தச் சொன்னது லீக்.
கடன் வாங்கி, புல்டோசர் விட்டு
மேசைபோல் ஆக்கினோம்.
அந்த வருஷம் சொந்த மண்ணில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை.
கீழே இறங்கினோம், பிறகு இன்னும் கீழே.
சுரங்கத்தையும் மூடினார்கள்.
கடன் மட்டும் மேல் டிவிஷனிலேயே நின்றது.

போன சனிக்கிழமை ஒரு பெனால்டி.
பிளம்பர் மெய்ரியன் பந்தை வைத்துவிட்டுப்
பின்னால் நடந்தான்.
பந்து மெல்ல
வடக்கே ஓரடி உருண்டது.
காற்றே இல்லை.

அடியில் காலிச் சுரங்கம்
கூரையை இறக்கிக்கொண்டிருக்கிறது.

இன்ஜினியருக்குச் சொல்லவேண்டும்தான்.
செயலாளர் நான்; மினிட்ஸில் எழுதவில்லை.
டாஸ் வென்றால் எந்தப் பக்கம் கேட்பதென்று
கேப்டனிடம் மட்டும்
சொல்லிவைத்தேன்.