தகுதி பெறாதவை

"அனர்த்தம் நிகழுமுன் அதன் விளைவைத் தணிக்கும்
நிரந்தரக் கருத்திட்டங்களுக்கு மாத்திரம்."
சிங்களத்திலிருந்து இதைத் தமிழாக்கியவள் நான்தான்,
போன மாசியில், மின்விசிறி ஓடாத ஒரு பிற்பகலில்.
'மாத்திரம்' என்ற சொல்லை
ஒருமுறை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஸித்தி ரிபாயா.
சேதவத்தை. களனி ஆற்றுக்கும் கால்வாய்க்கும் நடுவில்
முப்பத்தொரு வீடு.
பிளாஸ்டிக் உறைக்குள் விண்ணப்பம்,
அந்த உறைக்கு மேல் இன்னோர் உறை.
வெள்ளம் கண்டவர்கள்
காகிதத்தை இப்படித்தான் கொண்டுவருவார்கள்.

வள்ளம் கிடைக்குமா?
பள்ளிவாசல் கூரையில் ஒன்று கட்டிக் கிடக்கிறது, அடி ஓட்டை.
வள்ளம் மீட்புப் பணி. தணிப்பு அல்ல.
அது வேறு திணைக்களம்.

பம்பி?
இருக்கிற பம்பியைத் திருத்துவது பராமரிப்பு,
பராமரிப்புக்குக் காசில்லை.
புதிதென்றால்?
புதிதென்றால் ஆகும், காணி உறுதி இருந்தால்.
உறுதி இல்லை. கரண்ட் பில் இருக்கிறது,
இருபத்தாறு வருஷத்துப் பில், ஒன்றும் தொலையாமல்.

மீட்டர்ப் பெட்டிகளை நாலடி உயர்த்துவது?
எனக்கே பிடித்திருந்தது அது.
கூட்டிப் பார்த்தேன். மிகவும் மலிவு,
ஆகக் குறைந்த தொகையைத் தொடவே இல்லை.
கொஞ்சம் பெரிதாய்க் கேளுங்கள் என்றேன்.
சிரித்தாள்.
"பெரிசா கேக்குற ஆக்கள்
பள்ளத்துல இருப்பாங்களா, மிஸ்?"

நன்மை செலவை மிஞ்ச வேண்டும் என்றோர் அட்டவணை.
'காக்கப்படும் சொத்து' என்ற நிரலில் எழுதியிருந்தாள்:
தையல் மெஷின் ஒன்பது.
பிரிஜ் பதினாலு, அதில் ஓடுவது பத்து.
பிள்ளைகளின் சேர்டிபிகேட்.
நித்திரை, முப்பத்தொரு வீட்டுக்கும்.
கடைசி வரிக்கு எதிரே தொகை இல்லை.

மழைநாளில் முறைவைத்து ஒருவர் விழித்திருந்து
கால்வாய்ப் படிக்கட்டில் டோர்ச் அடிப்பார்களாம்.
கீழிருந்து ஐந்தாம் படி நனைந்தால்
தகரத்தில் தட்ட வேண்டும்.
இது 'முன்னெச்சரிக்கை முறைமை'. தகுதி உண்டு,
இலத்திரனியல் என்றால்.

கடைசியில் தடுப்புச் சுவர்.
எல்லாம் பொருந்தியது, நீளம், உயரம், பயனாளிகள் தொகை.
படிவத்தை என் பக்கம் இழுத்துப்
பேனா மூடியைக் கழற்றிவிட்டேன்.
அப்போதுதான் புகைப்படத்தை வைத்தாள்.
மூன்று வரிசைக் கல், சிமெந்து இன்னும் ஈரம்,
மேசன் மரியநேசன் கரண்டியோடு சிரிக்கிறார்.
"பெருநாள் காசுல தொடங்கிட்டோம்."

'ஏற்கெனவே ஆரம்பிக்கப்பட்ட வேலைகள் தகுதி பெறா.'
பெறா. இரண்டே எழுத்து.
அவ்வளவு கச்சிதமாய் வந்ததில்
அன்றைக்கு எனக்கொரு சின்னப் பெருமை.

"அப்ப, இடிச்சிட்டு வரட்டா?"
கேலி இல்லை அவள் குரலில்.
பக்கத்து மேசை விஜேதிலக்க
மொழி விளங்காமலே நிமிர்ந்து பார்த்தார்.

நான் சொன்னது எந்தக் கோப்பிலும் இல்லை:
மூன்று வரிசை சுவர் அல்ல.
அது ஆட்கள் உட்காருகிற கட்டு.
நாலாவது வரிசையிலிருந்துதான் சுவர்.
சனிக்கிழமை அதில் நாலு பேர் உட்கார்ந்திருக்க
இன்னொரு படம் எடுத்து வாருங்கள்.

வந்த படத்தில் பதினொரு பேர்.
கல்யாண வீட்டில் நிற்கிறமாதிரி
தலை சீவி, உடுப்பு மாற்றி,
ஓரத்தில் மரியநேசன், கரண்டி முதுகுக்குப் பின்னால்.
'தற்போதைய நிலை: இருக்கை' என்று நிரப்பித்
தலைமைக் கந்தோருக்கு அனுப்பினேன்.
என் கையெழுத்து கொஞ்சம் சரிந்திருந்தது.

பதில் இன்னும் இல்லை.
ஐப்பசி பிறந்துவிட்டது.
ரிபாயா போன் எடுத்தாள், காசைப் பற்றிக் கேட்கவில்லை.
நேற்றிரவு
மூன்றாம் படி நனைந்ததாம்.