மார்ச் ஒன்பது

மூன்றாவது முறையாக அதே கறை.
பால்கனிக்குக் கீழே, வாசல் வளைவில்,
புகைபோக்கி அருகே: அதே கழுத்து, அதே வால்.
நெஸ்தான் நாற்காலியைப் பின்னே தள்ளினாள்.
ஈரம் தன்னைப் படியெடுப்பதில்லை.

கேமராவோடு திபிலீசியின் மேட்டுத் தெரு ஏறினாள்.
செதுக்கிய மரப் பால்கனி,
முன்பல் போனதுபோல் இரண்டு கம்பிகள் இல்லை.
கொடியில் ஒரு நீலச் சட்டை.
"விரிசலை அளக்க வந்தவளா?" மேலிருந்து ஓத்தார்.
"இல்லை. படம்."
"அப்போ இதையும் எடு."

சுவர் பிளந்த இடத்தின் குறுக்கே
ஒட்டியிருந்தது ஒரு காகிதப் பட்டை;
பென்சிலில், மார்ச் ஒன்பது.
"கிழிந்தால் வீடு நகர்கிறது.
இன்னும் கிழியவில்லை" என்றார்,
காய்ச்சல் இறங்கிய பிள்ளையைச் சொல்வதுபோல.
படத்தில் ஒரு பிரதி கேட்டு
அவள் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

அன்றிரவு ஒவ்வொரு கறையையும் தனித்தனியே வரைந்தாள்.
செங்கல்லில் பூத்த உப்பு,
ஆணித் துரு வழிந்த கோடு,
பட்டையின் ஓரத்தில் கோந்து காய்ந்த மஞ்சள்.
ஏழு மணி நேரம் கணினி
வெயிலைக் கதிர்கதிராய் எண்ணிக்கொண்டிருந்தது.

காலையில் ஹோட்டல் முதலாளியின் பதில்:
அபாரம். சட்டையை எடுத்துவிடுங்கள்.
அந்தக் காகிதத்தையும்.

சட்டையை எடுத்தாள்.
பட்டையின் மேல் சுட்டி நின்றபோது தொலைபேசி.
"மகளே, மார்ச் ஒரு பக்கம்,
ஒன்பது ஒரு பக்கம்."

திரையில் அது முழுசாக இருந்தது.
பெரிதாக்கினாள். ஒரு சுருக்கம்கூட இல்லை.

"எவ்வளவு விலகல்?"
"தீக்குச்சி நுழையும்."

ஒரு தீக்குச்சி அளவு பிரித்துவைத்தாள்,
நிழலையும் உள்ளே விட்டு.
மறுபடி ஏழு மணி நேரம்.