அறுபத்தொன்றாம் சீட்டு

நான் வரைவதில்லை.
வரைந்ததைத் திருத்தச் சொல்வது என் வேலை.
டர்பனில், உம்பிலோ சாலையில், டயர் கடையின் மேல்மாடி.
ஒரு மேசை, இரண்டு திரை,
தன் நிழலை அடகு வைத்துவிட்ட
சாமுராய்க் குலம் ஒன்று.
மொத்தம் எழுபத்திரண்டு சீட்டு.

“கவசக் கயிறு இடமிருந்து வலம் போகட்டும்.”
“நிலவு இரண்டு வேண்டாம், ஐந்தாம் சீட்டில் தீர்ந்துவிட்டது.”
“நிழல் விழுகிறது, எடுத்துவிடு.”
கடைசிக் குறிப்பை மட்டும்
நாற்பது தடவை எழுதியிருப்பேன்.

நிழல் இல்லாமல் ஒருவனை நிறுத்திப் பாருங்கள்,
மிதப்பான்.
பாதம் எழுத்துப் பெட்டிக்குள் மறைந்தாலும்
இடுப்பிலேயே தெரிந்துவிடும், மிதக்கிறான் என்று.
கெர்ஷன் முனியன் வரைந்தவர்கள் மட்டும்
நின்றார்கள்.
எப்படி என்று கேட்டதற்கு
“தரைக்கு எடை கொடுத்தேன்” என்றான்.
புரிந்ததுபோல் ஒரு கட்டைவிரல் அனுப்பிவைத்தேன்.

சாட்ஸ்வர்த்தில் வீடு. நேரில் பார்த்ததில்லை.
இரவில் மேரியன்ஹில் சுங்கச்சாவடியில் வேலை,
பகலில் மின்சாரம் இருக்கும் மணிகளில் வரைவான்.
மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துத்தான்
அவனுக்குக் கெடு வைப்பேன்.

ஒருமுறை கடிந்துகொண்டேன்:
முகத்தில் இத்தனை சுருக்கம் எதற்கு,
ஆடுகிறவன் ஒரு சீட்டை நாலு நொடிதான் பார்ப்பான்.
விடியற்காலை மூன்று மணிக்குப் பதில்:
“நானும் நாலு நொடிதான் பார்த்தேன், அக்கா.
வெள்ளை பக்கி, பின்தட்டில் மலர்வளையம்.
சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டார்.”
அந்த ஆள்தான் பதினேழாம் சீட்டு.
விலை மூன்று, தாக்குதல் ஐந்து,
காப்பு பூஜ்யம்.

அறுபத்தொன்று, வாயில் காப்போன்.
நான் கேட்டது
கோட்டை வாசல், மழை, உருவிய வாள்,
கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் கோணம். பயம் வர வேண்டும்.
அவன் அனுப்பியது
ஒரு சின்னச் சாளரம்,
உள்ளே உட்கார்ந்திருக்கும் சாமுராய்,
வெளியே நீண்ட கை, உள்ளங்கை மேல்நோக்கி.
தலைக்கவசத்தில் சொட்டும் மழை
கையில் மட்டும் சொட்டவில்லை.

“வீரம் இல்லை. வாள் எங்கே?”
“மடியில். எழுத்துப் பெட்டிக்குக் கீழே.”

கோப்பின் அடுக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தேன்.
இருந்தது.
விதி அச்சாகும் வெண்சதுரத்தின் அடியில்
முழு வாள், உறை, பிடியில் சுற்றிய நூல்,
பக்கத்தில் மூடி திறந்த சாப்பாட்டு டப்பா,
செருப்பைக் கழற்றிய ஒரு கால்.
பிறகு மற்றவற்றையும் திறந்தேன், இரவு வெகுநேரம்.
அறுபது சீட்டிலும் பாதங்கள்.
சேற்றில் அழுந்தியவை, விரல் மடங்கியவை,
ஒருத்திக்குக் குதிகால் வெடிப்பு.

விதி எழுதுபவள் நொக்குதுலா.
இருபத்தாறு சொல் இருக்கிறது, குறை என்றேன்.
ஆட்டம் கெடும் என்றாள்.
மறுநாள் கால் ரொட்டி பன்னிச் சௌவை
இருவருமாகப் பிய்த்துத் தின்றபோது
மசாலா ஒட்டிய விரலை உயர்த்தி அவளே சொன்னாள்:
“கொடுக்காமல் கடக்க முடியாது.”
மூன்றே சொல்.
பெட்டி சுருங்கியது. வாளின் பிடி
ஒரு நகக்கண் அளவு வெளியே வந்தது.

பைன்டவுன் அச்சகத்திலிருந்து மாதிரித் தாள் வந்தது.
கறுப்பு மை கூடுதலாக ஊறி
அந்த நகக்கண்ணையும் விழுங்கியிருந்தது.
கெடு வெள்ளிக்கிழமை. அன்று வியாழன்.
ஒப்புதல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
கெர்ஷனிடம் இன்னும் சொல்லவில்லை.

சனி இரவு பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகிற வழியில்
சுங்கச்சாவடி.
எது அவன் சாளரம் என்று தெரியாது,
அவன் விடுப்பிலும் இருக்கலாம்.
என் வரிசையில் ஒரு கை நீண்டது.
முகத்தைப் பார்த்திருக்கலாம்,
நாலு நொடி இருந்தது.
நான் கட்டைவிரலைப் பார்த்தேன். கொஞ்சம் நீளம்.
மணிக்கட்டில் வெளிச்சம் தப்பான பக்கத்திலிருந்து.
கார்க் கதவின்மேல்
நிழல் விழுகிறது, எடுத்துவிடு என்று
வாய்வரை வந்துவிட்டது.

தடுப்புக் கம்பி எப்போதோ எழுந்திருக்கிறது.
பின்னால் லாரிக்காரன்
ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.