கூடுதல் முறுக்கு

போஸ்மனில் கரண்ட் போனது
இரவு இரண்டு பத்துக்கு.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
தலையணைக்கடியில் அலைபேசி அலறியது:
மூன்றாம் மாடி, சூட்டுப்பெட்டி,
எழுபத்தெட்டில் இருக்கவேண்டியது
எழுபத்து நான்கு.

உள்ளே ஒரு குடுவை.
கழுநீர்போல மங்கல்,
ரசத்தைவிடப் புளிப்பு,
எந்த நாக்கும் தாங்காத சூடு.
அதில் கோடிக்கணக்கில் அவை:
போன ஜூனில் யெல்லோஸ்டோனில்
கந்தக ஆவி கண்ணைக் கரிக்க
நீளக் கோலின் நுனியில் நான் மொண்டெடுத்தவற்றின்
பிள்ளைகளின் பிள்ளைகளின் பிள்ளைகள்.

சும்மா டி.என்.ஏ.வை
வெறும் வெந்நீரில் போட்டால்
இரண்டு இழையும் ஒன்றையொன்று கைவிடும்.
தினமும் நானே பிரிக்கிறேன்,
மெஷினில், தொண்ணூற்றைந்தில், முப்பது விநாடி.
சண்டை, வழக்கு, கையெழுத்து
எதுவும் வேண்டாம்.

இவை பிரிவதில்லை.
இவற்றிடம் ஒரு நொதி உண்டு.
கயிறு திரிப்பவர் போதும் என்று விட்ட இடத்தில்
அது தொடங்கும்.
அதே பக்கமாக இன்னொரு சுற்று.
இன்னும் ஒன்று.
நம் உடம்பு படிக்க வசதியாகத்
தளர்த்தி வைத்திருப்பதை
இவை வெந்துவிடாமலிருக்க இறுக்கி வைத்திருக்கின்றன.
நமக்கு இழையைச் சுற்றி வைக்க
ஹிஸ்டோன் உருண்டைகள் இருக்கின்றன.
இவற்றுக்கு அதுவும் இல்லை.
பொடிப்பொடிப் புரதங்கள்
ஜோடி ஜோடியாக இழைமேல் குந்தி
இந்த இழைக்கும் அந்த இழைக்கும்
பாலம் போட்டுக்கொண்டிருக்கும்.

"அந்தப் புரதத்தின் ஜீனை எடுத்துப் பார்"
என்றார் ஹாக்ஸ்டாட், ஏழு மாதத்துக்கு முன்.
எடுத்தேன்.
எதுவும் முளைக்கவில்லை.
பதினொரு முறை.
என் கைப்பக்குவம்தான் சரியில்லை என்று
நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

கார் நிறுத்துமிடத்தில்
கேம்பிங் அடுப்பில் பனியைக் காய்ச்சினேன்.
இரவுக் காவலர் லெராய் டார்ச் பிடித்தார்.
சாம்பார் வாசம் போகாத என் ஸ்டீல் பிளாஸ்கில்
வெந்நீர், அதற்குள் குழாயில் அவை.
"குளிர் தாங்காத ஜந்துவா?" என்றார்.
"ஆமாம்."
"அதற்கு எது குளிர்?"
"நீங்கள் சட்டைக்கையை மடித்துவிடும் வெயில்."
கொஞ்சநேரம் எதுவும் பேசவில்லை.
பிறகு தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி
பிளாஸ்குக்கு மாட்டினார்.

ஐந்தரைக்கு விளக்கு வந்தது.
பெட்டியைத் திறந்தேன்.
பன்னிரண்டாவது தட்டு காலி.
ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது.
இந்த முறை சாக்கு இருக்கிறது:
கரண்ட், குளிர், மொன்டானா.
ஆனால் அதே அடுக்கில்,
அதே இரவு, அதே சூடு, அதே குளிர்,
ஜீனில் கைவைக்காத கூட்டத்தின் தட்டு.
எள் தெளித்ததுபோல்
புள்ளி புள்ளியாய் முளைத்திருந்தது.

நோட்டில் வழக்கமாகத் 'தோல்வி' என்று
எழுதும் இடத்தில் பேனா நின்றது.
ஏழு மாதமாக அவை சொல்லிக்கொண்டிருந்தது
பதில்.
எனக்குத்தான் அது
என் குறையாகக் கேட்டது.
எழுதினேன்: 'அது இல்லாமல் இவற்றுக்கு முடியாது.'
ஹாக்ஸ்டாட் ஒரே வார்த்தையில் எழுதியிருப்பார்.

இனி பிளாஸ்கைத் திறக்கவேண்டும்.
சூடு அடங்கியதில் மூடி உள்வாங்கி
அசைய மறுத்தது.
என் விரல்கள் மரத்துப்போயிருந்தன.
லெராய் வாங்கி, கைக்குட்டை சுற்றி,
பல்லைக் கடித்துக்கொண்டு
முழு பலத்தோடு திருகினார்,

தவறான பக்கமாக.